குழாய்க்கு விழும் மாலை

கார்பன் நானோகுழாய் டிரான்சிஸ்டர்களைப் பற்றிய பேச்சு எங்கு நடந்தாலும் ஒரு வரைபடம் தவறாமல் வரும். கிடையில் நேரம், நெடுக்கில் மின்னோட்டம். விளக்கை ஏற்றிய இடத்தில் கோடு ஏறும். அணைத்த இடத்தில் இறங்கும். அதன் அடியில் ஒரு வாக்கியம்: ஒளி பட்டதும் மின்னோட்டம் கூடியது, ஆகவே நானோகுழாய் ஒளியை உணர்கிறது. வகுப்பறை, கருத்தரங்கு, இதழ்களின் அறிவியல் பக்கம் எங்கும் இதே பல்லவி. வாக்கியத்தின் முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. அளந்தார்கள், கூடியது. நடுவில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறதே அந்த 'ஆகவே', அதன் மேல்தான் என் வழக்கு.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. பழம் தற்செயலாக விழவில்லை. விளக்கை ஏற்றும்போதெல்லாம் விழுகிறது. மரத்தை உலுக்கியவர் யார் என்பதில்தான் ஆள்மாறாட்டம்.

இந்தக் கருவியில் நாம் அளக்கும் மின் குணங்களிலும் ஒளிக் குணங்களிலும் பெரும்பங்கு குழாயினுடையது அல்ல என்கிறேன். குழாயைத் தொடும் உலோகத்துக்கு ஒரு பங்கு, அதன்மேல் ஒட்டும் காற்றுக்கும் ஈரத்துக்கும் ஒரு பங்கு, அது படுத்திருக்கும் தளத்துக்கு ஒரு பங்கு. சுற்றியிருப்பவை செய்வதைக் குழாய் கேட்டுச் சொல்கிறது. மாலை மட்டும் அதன் கழுத்தில் விழுகிறது.

முதலில் கருவியைப் பாருங்கள். 1998ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் செய்ஸ் டெக்கரின் குழுவும், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஃபேடன் அவூரிஸின் குழுவும் தனித்தனியே, அறை வெப்பநிலையில் வேலை செய்யும் நானோகுழாய் டிரான்சிஸ்டரைச் செய்து காட்டின. அமைப்பு மிக எளிது. அடியில் சிலிக்கான் தட்டு. அதன்மேல் கண்ணாடிபோல மெல்லிய ஆக்சைடு படலம். படலத்தின்மேல் ஒன்றிரண்டு நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய். குழாயின் இரு முனைகளிலும் உலோகத் தொடுப்புகள். மின்னோட்டத்தைத் திறந்து மூடும் 'கேட்' தனியாக எதுவும் கிடையாது. அடியில் இருக்கும் சிலிக்கான் தட்டேதான் கேட். இந்தக் கடைசித் தகவலை மடியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றும் உண்டு. சிலிக்கான் டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் படிகத்துக்குள்ளே, ஆக்சைடுக் கூரைக்கு அடியில் ஓடுகிறது. ஒற்றைச் சுவர்க் குழாயில் உள்ளே என்று ஓர் இடமே இல்லை. எல்லா அணுவும் மேற்பரப்பு அணு. வீடே திண்ணையாக இருந்தால் எப்படியோ அப்படி. தெருவில் யார் போனாலும் வந்தாலும் வீட்டுக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஒன்றின் குணம் என்று எதைச் சொன்னாலும், தெருவை விலக்கிவிட்டுச் சொல்கிறோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டாமா?

ஆரம்ப காலத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று செய்த டிரான்சிஸ்டர்கள் எல்லாம் பி-வகையாக நடந்துகொண்டன. மின்துளைகளைக் கடத்தின, எலக்ட்ரான்களைக் கடத்தவில்லை. ஆகவே, மறுபடியும் அதே ஆகவே, நானோகுழாய் இயல்பிலேயே பி-வகை என்று எழுதினார்கள். 2000இல் பெர்க்லியில் அலெக்ஸ் ஸெட்டலின் குழு, குழாய்களின் மின்தடையும் வெப்பமின் குணமும் ஆக்சிஜன் வந்து போவதற்கேற்ப மாறுகின்றன என்று காட்டியது. உடனே அடுத்த பாட்டு: ஆக்சிஜன் குழாயில் மாசூட்டுகிறது, அதிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது, அதனால் பி-வகை. கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது.

ஐபிஎம் குழு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் செய்த சோதனை இந்த ஒழுங்கைக் கலைத்தது. பி-வகை டிரான்சிஸ்டரை வெற்றிடத்தில் வைத்துச் சூடாக்கினார்கள். அது எலக்ட்ரான்களைக் கடத்தும் என்-வகையாக மாறியது. ஆக்சிஜனை விட்டார்கள், மெல்ல மெல்லப் பழையபடி பி-வகைக்குத் திரும்பியது. இதுவரை மாசூட்டல் கதைக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் மாசூட்டினால் டிரான்சிஸ்டர் திறக்கும் கேட் மின்னழுத்தம் ஒரு பக்கமாக நகர வேண்டும். குழாய்க்குப் பொட்டாசியத்தை ஊட்டியபோது அப்படித்தான் நகர்ந்தது. ஆக்சிஜன் விஷயத்தில் நகரவில்லை. மாறியது வேறு: எலக்ட்ரான் பக்கத்து மின்னோட்டம் தேய, துளைப் பக்கத்து மின்னோட்டம் வளர்ந்தது. ஆக்சிஜன் வேலை செய்த இடம் குழாயின் உடம்பல்ல. உலோகமும் குழாயும் சந்திக்கும் வாசல். அங்கே எலக்ட்ரானுக்கு ஒரு தடுப்பு, துளைக்கு ஒரு தடுப்பு. உலோகப் பரப்பில் ஒட்டும் ஆக்சிஜன் ஒன்றைத் தாழ்த்தி மற்றதை உயர்த்துகிறது. 2002இல் அதே குழு நேராகவே சொல்லிவிட்டது: இவை ஷாட்கி தடுப்பு டிரான்சிஸ்டர்கள். கேட் திறந்து மூடுவது குழாயை அல்ல, வாசலை.

மறுத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு 2003இல் ஸ்டான்ஃபோர்டின் ஹோங்ஜி தாய் குழு இன்னொரு சான்றை வைத்தது. தொடுப்புக்குப் பல்லேடியத்தைப் போட்டார்கள், அவ்வளவுதான். முதல் கருவிகளில் மெகா ஓம் அளவில் இருந்த தடை, இயற்கை அனுமதிக்கும் குறைந்தபட்சமான 6.5 கிலோ ஓமுக்கு அருகில் வந்து நின்றது. குழாய் அதே கார்பன் குழாய். உலோகம் மாறியது, ஆளே மாறிவிட்டது.

ஹிஸ்டெரிசிஸும் இப்படித்தான். கேட் மின்னழுத்தத்தை ஏற்றும்போது ஒரு கோடு, இறக்கும்போது வேறு கோடு. இதைக் குழாயின் நினைவாற்றல் என்று கொண்டாடியவர்கள் உண்டு. குழாயைச் சுற்றி ஆக்சைடின்மேல் ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகள் மின்னூட்டத்தைப் பிடித்துவைப்பதும் இதற்குக் காரணம் என்று தாய் குழு காட்டியது. வெற்றிடத்தில் சூடாக்கி, மேலே ஒரு பாலிமர் பூச்சையும் பூசிவிட்டால் அந்த 'நினைவாற்றல்' பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஈரத்துணியைக் காயப்போட்டதுபோல.

இனி ஒளிக்கு வருகிறேன். இங்கேதான் மாலைகள் அதிகம்.

சற்றுக் கணக்குப் போடுவோம். லேசர் கதிரை நல்ல நுண்ணோக்கியால் குவித்தாலும் ஒளிப்புள்ளியின் அகலம் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு வரும். குழாயின் அகலம் ஒரு நானோமீட்டர். ஆகப் புள்ளியின் பரப்பில் குழாய்க்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கையும் குழாய் முழுதாக விழுங்குவதில்லை. தனக்குப் பிடித்த நிறத்தில் விழும் ஒளியில்கூடப் பத்தில் ஒன்றை உறிஞ்சினால் அதிகம். தாராளமாகக் கணக்கிட்டாலும் வந்த பத்தாயிரம் ஃபோட்டான்களில் ஒன்றிரண்டுதான் குழாய்க்கு. மற்றவை எங்கே போயின? மடியில் முடிந்ததை இப்போது அவிழுங்கள். அடியில் ஒரு சிலிக்கான் தட்டு கிடக்கிறது. சூரிய மின்தகடு செய்யும் அதே சிலிக்கான். கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குவதே அதன் தொழில். பத்தாயிரத்தில் இரண்டு வாங்கியவருக்கு மாலை, மிச்சத்தில் பெரும்பகுதியை வாங்கியவர் பெயர் கட்டுரையில் கூட இல்லை!

சிலிக்கானில் விழுந்த ஒளி அங்கே எலக்ட்ரான்-துளை இணைகளை உண்டாக்குகிறது. சிலிக்கானும் ஆக்சைடும் சந்திக்கும் எல்லையில் ஏற்கெனவே ஒரு மின்புலம் இருக்கிறது. அது இணைகளைப் பிரித்து, எல்லையில் ஒரு மின்னழுத்தத்தை எழுப்புகிறது. குழாயின் கோணத்திலிருந்து பார்த்தால் நடந்தது இவ்வளவுதான்: யாரோ கேட்டைச் சற்றுத் திருகிவிட்டார்கள். உடனே மின்னோட்டம் மாறுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்க் எரிக்சனின் குழு 2006இல் இதைத் துலக்கமாகக் காட்டி, 'போட்டோகேட்டிங்' என்று பெயரிட்டது. ஒளியை உணர்ந்தது சிலிக்கான். குழாய் செய்தது, அந்த உணர்வை மின்னோட்டமாக வாசித்துச் சொன்ன வேலை. அதை மிக நன்றாகச் செய்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்டுச் சொன்னவரைக் கண்ணால் கண்ட சாட்சி என்று கூண்டில் ஏற்றினால் வழக்கு நிற்காது.

அடுத்த சந்தேக நபர் ஆக்சிஜன். 2001இல் தாய் குழுவே புற ஊதா ஒளியைக் குழாயின்மேல் பாய்ச்சிப் பார்த்தது. மின்கடத்தல் கூடவில்லை, குறைந்தது. ஒளி ஒட்டியிருந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை உதறிவிட்டது. அவை போனதும் பி-வகைக் குணம் தளர்ந்தது. மறுபடி காற்றுப் பட்டதும் பழைய நிலை மெல்லத் திரும்பியது. இந்த 'மெல்ல' என்ற சொல் முக்கியம். குழாய்க்குள் பிறக்கும் இணைகளின் ஆயுள் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குகூட இராது. மூலக்கூறுகள் எழுந்து போய்த் திரும்பி வந்து உட்கார நொடிகளும் நிமிடங்களும் ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில், விளக்கை அணைத்த பிறகு மின்னோட்டம் அடங்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டு, நானோகுழாயின் ஒளியுணர்திறன் என்று விளக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், எலக்ட்ரானுக்கு வீடு திரும்ப மூணு நிமிஷமா ஆகும்?" என்று கேட்டாள். அரங்கம் சிரித்தது. "அது நானோ எஃபெக்ட்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அன்று அந்த அறையில் இயற்பியல் பேசியது அந்தப் பெண் ஒருத்திதான்.

மூன்றாவது, வெப்பம். 2006இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் ராபர்ட் ஹேடனின் குழு குழாய்களாலான மெல்லிய படலத்தை எதன்மேலும் படாமல் தொங்கவிட்டு, வெற்றிடத்தில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சியது. மின்தடை நன்றாக மாறியது. காரணம், படலம் சூடேறியது. சூடு போக வழியில்லை. சூட்டில் தடை மாறியது. போலோமீட்டர் என்ற பழைய வெப்ப அளவிக் கருவியின் தத்துவமேதான். பெருமைப்பட வேண்டிய வேலை, அதைச் செய்தவர்கள் வெப்பம் என்றே பெயரிட்டு எழுதினார்கள். குழாய்ப் படலங்களின் வேகங்குறைந்த ஒளி விளைவுகளைப் பார்த்ததும் எலக்ட்ரான்-துளை என்று ஆரம்பிப்பவர்கள் அந்தக் கட்டுரையை ஒருமுறை படித்திருக்கலாம்.

சரி, தளத்தையும் காற்றையும் சூட்டையும் விலக்கிவிட்டோம், குழாய் தானே உறிஞ்சிய அந்த ஒன்றிரண்டு ஃபோட்டான்கள் மட்டும் மீதி என்று வைத்துக்கொள்வோம். அவையாவது நேரே மின்னோட்டம் ஆகுமா? ஆகாது. குழாயின் ஒடுக்கமான உடலில் எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. எக்ஸைட்டான் என்பது அந்த ஜோடியின் பெயர். 2005இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டோனி ஹைன்ஸ், லூயி பிரஸ் குழுவினர் அளந்தபடி, ஜோடியைப் பிரிக்க ஏறத்தாழ 0.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அறையின் வெப்பம் தரக்கூடியது 0.025. பதினாறில் ஒரு பங்கு! ஜோடியாகவே இருக்கும்வரை அதற்கு நிகர மின்னூட்டம் இல்லை; மின்னோட்டத்தில் அதற்குப் பங்கில்லை. யாராவது பிரித்துவிட வேண்டும். வலுவான மின்புலம் இருக்கும் இடத்தில்தான் அது நடக்கும். ஒளிப்புள்ளியைக் குழாயின் நெடுக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒளிமின்னோட்டத்தை அளந்து படமாக்கினால், உலோகத் தொடுப்புகளின் ஓரத்தில் இரண்டு பொட்டுகள் தெரிகின்றன. ஒன்று நேர், மற்றது எதிர். நடுக்குழாய் பெரும்பாலும் இருட்டு. மறுபடியும் வாசல்தான்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றை மறைத்தால் நான் வக்கீல் ஆவேன், எழுத்தாளன் ஆகமாட்டேன். 2003இல் மார்க்கஸ் ஃபிரைட்டாக் உள்ளிட்ட ஐபிஎம் குழு ஒற்றைக் குழாயின் ஒளிமின்னோட்டத்தை அளந்து காட்டியது. அது உண்மையாகவே குழாயினுடையது. 2009இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பால் மெக்யூன் குழு, குழாய்க்குள் பி-வகையும் என்-வகையும் சந்திக்கும் பி-என் சந்தியை அமைத்து, ஓர் ஃபோட்டான் ஒன்றுக்கு மேற்பட்ட இணைகளைத் தரமுடியும் என்பதுவரை போனது. இரண்டையும் நான் முழுமனதோடு ஏற்கிறேன். இவற்றை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, குழாய் ஒளியை உணர்கிறதே என்பார்கள்.

ஆனால் அவர்கள் எப்படி நிரூபித்தார்கள் என்று பாருங்கள். ஐபிஎம் குழுவினர் அகச்சிவப்பில் ஒளியின் நிறத்தை மாற்றிக்கொண்டே போய், குழாயின் ஆற்றல் மட்டங்களுக்குப் பொருந்தும் இடத்தில் சிகரம் எழுவதைக் காட்டினார்கள். ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பினார்கள். அது குழாயின் நீளத்தோடு இணையும்போது மின்னோட்டம் உச்சத்தைத் தொட்டது, குறுக்கே போகும்போது தேய்ந்தது. அடியில் கிடக்கும் சிலிக்கானுக்குக் குழாய் எந்தப் பக்கம் நீட்டிப் படுத்திருக்கிறது என்று தெரியாது. ஆக்சிஜனுக்கும் அந்தக் கவலை இல்லை. கையெழுத்து குழாயினுடையதுதான் என்று தேற இப்படி ஒரு சோதனை வேண்டும். கார்னெல்காரர்களோ தனிக் கேட்டுகளை வைத்து, ஜோடியைப் பிரிக்கும் மின்புலத்தைத் தாங்களே கட்டினார்கள். இவர்களுடைய முடிவைக் கடன் வாங்கிக்கொண்டு, சோதனையை மட்டும் விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்?

காரணம் எதுவானால் என்ன, கருவி வேலை செய்கிறதே என்று இன்னொரு சமாதானம் உண்டு. நடைமுறைவாதம் போலத் தோன்றும். நடைமுறையில்தான் இது முதலில் உடையும். விளைவு ஆக்சிஜனால் வந்தது என்றால், கருவியைக் காற்றுப்புகாமல் மூடி விற்பனைக்கு அனுப்பும் அன்றே அது செத்துவிடும். சிலிக்கான் தட்டால் வந்தது என்றால், வளையும் பிளாஸ்டிக்கின்மேல் அதே கருவியைச் செய்யும்போது காணாமல் போகும். குழாயைச் சுத்திகரிக்க மூன்று ஆண்டு செலவழித்த ஆய்வு மாணவரைக் கேளுங்கள், குழாய் சுத்தமானது, உணர்திறன் ஏன் இம்மியும் கூடவில்லை என்று. நோய் காலில் இருக்கத் தலைக்குத் தைலம் தேய்த்தால் வேறென்ன ஆகும்?

காரணத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கும் 2006இலேயே ஒரு சான்று இருக்கிறது. பிரான்சில் சாக்லே, லீல் நகர ஆய்வகங்களைச் சேர்ந்த வின்சென்ட் டெரிக் உள்ளிட்ட குழுவினர் (இந்த டெரிக்தான் முன்பு ஐபிஎம்மில் ஆக்சிஜன் சோதனையைச் செய்தவர்களில் ஒருவர்) குழாய் டிரான்சிஸ்டரின்மேல் தயோஃபீன் வகைப் பாலிமரைப் பூசினார்கள். ஒளியை உறிஞ்சுவது பாலிமரின் வேலை. அதில் பிறக்கும் எலக்ட்ரான்கள் குழாயை ஒட்டி ஆக்சைடின் பரப்பில் சிக்கிக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேட்போல நின்று குழாயின் மின்னோட்டத்தைப் பத்தின் அடுக்குகளில் மாற்றுகின்றன. விளக்கை அணைத்த பிறகும் அந்த நிலை நெடுநேரம் நீடிக்கிறது; ஆகக் கருவி ஒளியால் எழுதப்படும் நினைவகமும் ஆகிறது. குழாய் ஒளியை உணர்கிறது என்று அவர்கள் ஓரிடத்திலும் பாடவில்லை. கேட்பதில் அதற்கு இணையில்லை என்று தெரிந்து, பார்ப்பதற்கு வேறு ஆளை வைத்தார்கள். இதைவிட நானோகுழாய்க்குச் செய்யக்கூடிய மரியாதை எது?

கணினிச் சில்லுப் பக்கமும் கதை இதுவேதான். 2013இல் ஸ்டான்ஃபோர்டில் 178 டிரான்சிஸ்டர்களோடு முதல் நானோகுழாய்க் கணினி வந்தது. 2019இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாக்ஸ் ஷுலேக்கரின் குழு 14,000க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்களோடு 16 பிட் செயலியைச் செய்தது. சிலிக்கானை வெல்லப்போகும் குழாய் என்று தலைப்புகள் பறந்தன. செயலிக்குப் பி-வகை, என்-வகை இரண்டும் வேண்டுமே, இரண்டு வகைக் குழாய்களையா பயன்படுத்தினார்கள்? இல்லை. குழாய் ஒன்றேதான். ஒரு பக்கம் பிளாட்டினம் தொடுப்பு, சிலிக்கான் ஆக்சைடு மூடாக்கு: பி-வகை. மறுபக்கம் டைட்டேனியம் தொடுப்பு, ஹாஃப்னியம் ஆக்சைடு மூடாக்கு: என்-வகை. இயல்பிலேயே பி-வகை என்று இருபது ஆண்டுக்கு முன் எழுதிய பேனாக்கள் அந்த அறைக்குள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, இந்த ஒரு 'ஆகவே'யை எனக்கு அனுமதியுங்கள், அந்த வரைபடத்தை இனி எங்கு கண்டாலும் கைதட்டும் முன் சற்றுப் பொறுங்கள். காட்டுபவர் பெரிய பேராசிரியராக இருந்தாலும் பரவாயில்லை, கை தூக்கிக் கேளுங்கள்: ஐயா, வெற்றிடத்தில் அளந்தீர்களா? ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிப் பார்த்தீர்களா? அடியில் இருந்த சிலிக்கானை எடுத்துவிட்டுக் கண்ணாடியின்மேல் வைத்துப் பார்த்தீர்களா?